மலையோரப் பாதையில் மலைச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையோரமாகச் சைக்கிள் ஓட்டுகிறோம். தார் ரோட்டில் அல்ல. வேரும் பாறையும் சரிவும் உள்ள ஒற்றையடிப் பாதையில். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

மவுண்டன் பைக் என்றால் மோட்டார் பைக்கா?

இல்லை, மிதிக்கிற சைக்கிள்தான். நம்மூரில் பைக் என்றாலே எஞ்சின் வண்டி என்று ஆகிவிட்டதால் தோட்டக்காரர்களிடம் அனுமதி கேட்கப் போகும்போது முதலிலேயே "சைக்கிள்" என்று சொல்லிவிடுகிறோம். பேட்டரி வைத்த சைக்கிளையும் நாங்கள் இந்தப் பாதைகளில் எடுப்பதில்லை.

"டெக்னிக்கல்" பாதை என்று சொல்கிறீர்களே, அப்படியென்றால்?

மூச்சும் தொடையும் மட்டும் போதாத பாதை. எங்கே பார்க்க வேண்டும், உடம்பை எங்கே வைக்க வேண்டும், பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று ஒவ்வொரு பத்தடிக்கும் முடிவெடுக்க வைக்கிற பாதை. குறுக்கே ஓடும் வேர், தலை அளவு உருண்டைக் கல், பாறைப் படி, கொண்டை ஊசியைவிடக் குறுகலான வளைவு எல்லாம் அதில் இருக்கும்.

வெளிநாட்டில் இதற்குத் தர அடையாளம் உண்டு. அமெரிக்காவில் பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். நியூசிலாந்தில் 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் எங்கள் பாதைகளில் பாதி நீலம், கொஞ்சம் கறுப்பு. மழை நின்ற மறுநாள் அதே நீலம் கறுப்பாக மாறிவிடும். நம் மாவட்டத்தில் இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சிலர் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சரிவில் இறக்கினார்கள். 1976-இல் அங்கே நடந்த போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கில் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் எரிந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்றால் மறுபடி அடைப்பது, பெயர் அதிலிருந்து வந்தது. இருபது வருடத்தில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக்கிற்குப் போய்விட்டது.

பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு, காளிகேசம் காடுகளுக்குள் ஓட்டலாமா?

கூடாது. இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மாவட்டம் சின்னது. ஆனாலும் அதன் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. அதில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் தென்கோடியும் இதுதான். 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பட்டியலில் சேர்த்தது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு, கால்நடையாகப் போவதற்கே தமிழ்நாட்டில் தனி விதிமுறை வந்துவிட்டது. வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் காளிகேசம் – பாலமோர் பாதை இருக்கிறது. அது வழிகாட்டியோடு நடப்பதற்கு மட்டும். நடந்து போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு. சைக்கிளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. நடந்து போகிறவன் பேச்சுச் சத்தமும் காலடிச் சத்தமும் யானைக்கு முன்கூட்டியே கேட்கும். சைக்கிள் சத்தமில்லாமல், வேகமாக, வளைவைத் தாண்டி அதன் முன்னால் போய் நிற்கும். ஈற்றை மூங்கில் காட்டுக்குள் அப்படி ஒரு யானையைத் திடுக்கிட வைத்தால் நமக்குத் திரும்பிப் போக இடமில்லை. யானைக்கும் அன்றைய நாள் கெட்டுப்போகும்.

பழங்குடிக் குடியிருப்புப் பாதைகள் பொதுவழிதானே, அங்கே போகலாமே?

காணி மக்கள் நடக்கிற பாதை அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை, மிளகும் கிழங்கும் சுமந்து இறங்குகிற பாதை. அதை நமக்கு விளையாட்டுத் தடமாக்கக் கூடாது. வேறு வேலையாகப் போனாலும் முதலில் அவர்கள் தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை.

அப்படியென்றால் எங்கேதான் ஓட்டுகிறீர்கள்?

உரிமையாளர் வாய்திறந்து "சரி, ஓட்டுங்கோ" என்று சொன்ன தனியார் தோட்டங்களில். மேற்கே குலசேகரம், திற்பரப்பு சுற்றுவட்டாரத்தில் மலையோரம் முழுக்க ரப்பர். ஆனால் உள்ளே நடந்து பார்த்தால் ஓடை இறங்குகிற மடிப்புகளில் ரப்பர் நட முடியாமல் விட்ட பழைய காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும். மருது, வேங்கை, நாங்கு, பிரம்பு, காலுக்கடியில் பெரணி. வெயில் உச்சியில் இருக்கும்போதும் உள்ளே விளக்கணைத்த வீடு மாதிரி இருட்டு. ரப்பர் வரிசையிலிருந்து அந்த மடிப்புக்குள் சைக்கிள் இறங்கும்போது முகத்தில் குளிர் அறைகிறதே, அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

தனியார் நிலம் என்பதால் இஷ்டத்துக்கு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். தனியார் காடாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மரம் வெட்ட 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நாங்கள் ஒரு செடியைக்கூடப் பிடுங்குவதில்லை. ஏற்கெனவே ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தில்தான் போகிறோம்.

இருட்டோடு ரப்பர் பால்வெட்டுக்கு வருகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வெட்டி முடிக்கும்வரை அந்த வரிசைகளுக்குள் நாங்கள் நுழைவதில்லை. பால் சேர மரத்தில் கட்டிய சிரட்டையை ஹேண்டில்பார் தட்டிவிட்டால் ஒருவருடைய காலை வேலை மண்ணில் ஊற்றியது போல.

மருந்துவாழ் மலையில் ஓட்டலாமா? நாகர்கோவிலுக்குப் பக்கமாயிற்றே.

வேண்டாம். அது மக்கள் கும்பிடப் போகிற மலை, குகைகளும் ஆசிரமங்களும் உள்ள இடம். படியில் ஏறி வருகிற பாட்டியின் எதிரே சைக்கிளில் இறங்குவது சரியில்லை. அடிவாரத்தைச் சுற்றிய மண் ரோடுகள் பழகுவதற்கு நல்லவை. ஒன்று கவனியுங்கள்: கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளை அவ்வளவு நெருக்கமாக நட்டிருப்பது சும்மா இல்லை. ஜூன், ஜூலையில் திறந்த மேட்டில் பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தையே நகர்த்திவிடும்.

எந்த மாதம் நல்லது?

தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை. இரண்டுக்கும் நடுவிலும் மலையோரத்தில் சாரல் விடாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எங்களுக்கு முழு ஓட்டம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கோடைமழை வரும், அதனால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம்.

வறண்ட மாதத்துக்கும் தனிச் சிக்கல் உண்டு. ஜனவரி வாக்கில் ரப்பர் இலை கொட்டும். கணுக்கால் ஆழத்துக்கு மெத்தை மாதிரி கிடக்கும், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. என் காறையெலும்பு முறிந்தது அப்படி ஒரு ஜனவரியில்தான். இலைக்கு அடியில் ஒரு கல், முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே போனேன். இப்போது இலைப் பருவத்தில் முதல் சுற்றை நடந்தே பார்க்கிறோம்.

மழைப் பருவத்தில் ரப்பர் காய் வெடித்து விதை சிதறும். உருண்டையான, வழவழப்பான விதை. வளைவில் ஒரு கைப்பிடி கிடந்தால் சோழிமேல் சக்கரம் ஏறியது மாதிரி இருக்கும்.

ஈர வேரின்மேல் எப்படிப் போவது? எப்போதும் அங்கேதான் விழுகிறேன்.

எல்லாரும் அங்கேதான் விழுகிறார்கள். எங்கள் பாதையில் ஓடைக்கு முன்னால் ஒரு வேர் இருக்கிறது. கைத்தண்டி கனம், பாதையை நேர்க்குறுக்காக வெட்டாமல் சாய்வாக ஓடுகிறது, பட்டை உரிந்து மினுமினுவென்று இருக்கும். புதியவர் என்ன செய்வார்? அதைப் பார்த்ததும் பயந்து பிரேக் பிடிப்பார், வேரையே உற்றுப் பார்ப்பார். சக்கரம் வேர் போகிற திசையில் வழுக்கிக்கொண்டு போகும், ஆள் பக்கவாட்டில் விழுவார்.

செய்ய வேண்டியது இது. வேருக்கு இரண்டு சைக்கிள் நீளம் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சக்கரம் வேரைச் செங்குத்தாகக் கடக்கும்படி திருப்புங்கள். வேர்மேல் இருக்கும் அந்த நொடியில் பிரேக்கும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், முழங்கை மடங்கி வெளியே, சீட்டைவிட்டு எழுந்த நிலை, கண் வேருக்கு அப்பால். முன்சக்கரம் தொடும்போது கையை லேசாக்குங்கள், அப்புறம் இடுப்பைச் சற்று முன்னே விட்டால் பின்சக்கரமும் பாரமில்லாமல் தாண்டிவிடும். சத்தமே கேட்காது. கடமுடவென்று கேட்டால் உடம்பு இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

வெட்டுக்கல் (செம்பாறை) வழுக்குமா?

காய்ந்திருந்தால் வழுக்காது. அதன் துளையும் சொரசொரப்பும் டயரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நிழலில் இருக்கும் வெட்டுக்கல்லில் மழைக்காலத்தில் பச்சைப்பாசி படியும். அதில் நிற்கவே முடியாது, ஓட்டுவது எங்கே. உரல் மாதிரி வழவழப்பான கறும்பாறை நனைந்தாலும் பாசி இல்லையென்றால் ஓரளவு பிடிக்கும். கல்லின் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள்.

இறக்கத்தில் முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோமே?

பயந்து மொத்தமாக அழுத்தினால் விழுவீர்கள். நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. ஒரு விரலை மட்டும் லீவரில் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்ல ஏற்றுங்கள். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைத் தாழ்த்தி நில்லுங்கள். மார்பு ஹேண்டில்பாருக்கு மேலேயே இருக்கட்டும், பின்னால் ரொம்பத் தள்ளிப்போனால் முன்சக்கரம் பிடி இழக்கும். பின்பிரேக்கை மட்டும் பூட்டி இழுத்துக்கொண்டு வருவதுதான் எங்கள் குழுவில் ஒரே பெரிய குற்றம்.

பின்சக்கரத்தை இழுத்தால் என்ன ஆகிவிடும்? சின்னக் கோடுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம் மழைக்குள் ஒதுங்கி ஒரு மரத்தடியில் நின்றிருந்தோம். எதிரே நாங்கள் இறங்கி வந்த சரிவு. அதில் ஒருவர் பிரேக்கைப் பூட்டி இழுத்த கோடு, ஒன்றரை ஆள் நீளம், இரண்டு விரல் ஆழம். அதுவரை பாதையின் அகலம் முழுக்கப் பரவி ஓரமாக வழிந்துகொண்டிருந்த மழைநீர் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு குழாய்த் தண்ணீர் மாதிரி, சிவப்பாக. அரைமணி நேரத்தில் சின்னக் கற்கள் அடியிலிருந்து கழன்று உருள ஆரம்பித்தன. மறுவாரம் போனபோது அங்கே முழங்கை இறங்கும் அளவுக்கு ஒரு வாய்க்கால் இருந்தது. பக்கத்தில் நின்ற வேங்கையின் வேர் வெளியே தெரிந்தது. அந்த மண் கீழே ஓடைக்குத்தான் போயிருக்கும்.

நம் மழை தூறல் அல்ல, கொட்டுகிற மழை. காட்டுத் தரையை அதிலிருந்து காப்பது மேலே கிடக்கும் இலைச்சருகும் வேர்வலையும்தான். அதைக் கிழித்த இடத்தில் தண்ணீர் வேலையைத் தொடங்கிவிடும். மூன்று மண்வெட்டியோடு போய் இரண்டு ஞாயிறு வேலை செய்து அந்த வாய்க்காலை மூடினோம். இழுத்தவரும் வந்தார், எல்லாரையும்விட அதிகம் மண் சுமந்தது அவர்தான்.

அப்படியானால் பாதையை எப்படி அமைக்க வேண்டும்?

தண்ணீரைப் பாதையில் பயணம் செய்ய விடாமல், குறுக்கே கடந்துபோக விட வேண்டும். 1988-இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் சொல்லிக்கொடுக்கும் கணக்கு எளிமையானது. பாதையின் சராசரிச் சாய்வு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எந்த இடத்திலும் பாதையின் சாய்வு, அது ஓடும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 30 சதவீதம் சரிந்திருந்தால் பாதை 15-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீருக்கு ஓரமாக வழிவதைவிடப் பாதையோடு ஓடுவது சுலபமாகிவிடும். இதோடு, பாதைத் தளம் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். இடையிடையே பாதை தாழ்ந்து மறுபடி ஏற வேண்டும். அந்தத் தாழ்வில் நீர் வெளியேறும்.

இங்கே நம்மூர்க்காரர்கள் எல்லாரும் செய்யும் ஒரு தவறு. ரப்பர் தோட்டத்தின் படித்தளத்தைப் பார்த்து, ஆஹா, ரெடிமேட் பாதை என்று நினைக்கிறோம். அந்தத் தளத்தை வேண்டுமென்றே மலையின் பக்கம், உள்நோக்கிச் சாய்த்து வெட்டியிருப்பார்கள், மழைநீர் நின்று மரத்துக்கு ஊறட்டும் என்று. மரத்துக்கு அது நல்லது. சைக்கிளுக்கு நேர் எதிர். அதன்மேல் ஓட்டினால் உள்பக்கம் சேறு குழம்பும், தோட்டக்காரர் நீரைச் சேமிக்கச் செய்த வேலையும் கெடும். படித்தளத்தை உலர்ந்த காலத்தில் மட்டும் கடக்கிறோம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ரப்பர் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தது. வேரோடு பிடுங்கிய குழிகள் பல தடங்களில் இன்னும் தெரியும். அவற்றை நாங்கள் நிரப்புவதில்லை, சுற்றிப் போகிறோம். பல குழிகளில் இப்போது செடி முளைத்துவிட்டது.

சைக்கிளைக் கழுவிக்கொண்டு வரச் சொல்கிறீர்களே, எதற்கு?

நியூசிலாந்தில் கவுரி என்று பிரம்மாண்டமான மரம் உண்டு. மண்ணில் வாழும் ஒரு நோய்க்கிருமி அதன் வேரை அழுக வைக்கிறது. செருப்பிலும் டயரிலும் ஒட்டும் சேற்றோடு அது பயணம் செய்கிறது என்பதால் பாதை தொடங்கும் இடத்திலேயே பிரஷ்ஷும் மருந்தும் வைத்திருக்கிறார்கள், சில பாதைகளை மூடியே விட்டார்கள்.

நம்மிடம் கவுரி இல்லை. ஆனால் வேகமாகப் பரவும் களைகளான உண்ணிச்செடியும் கம்யூனிஸ்ட் பச்சையும் இருக்கின்றன. ரோட்டோரத்தில் அவை காடாக மண்டிக் கிடக்கும். நாங்கள் ஓட்டும் ஓடை மடிப்பில் இன்னும் இல்லை. கம்யூனிஸ்ட் பச்சையின் விதை நூல் துணுக்கு மாதிரி இருக்கும், சாக்ஸில் ஒட்டினால் தெரியவே தெரியாது. டயரின் பள்ளங்களை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

முதல் வருடம் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது போதும், 100 முதல் 120 மில்லிமீட்டர் அசைவு. டிஸ்க் பிரேக் கட்டாயம், ஹைட்ராலிக் என்றால் நல்லது. டயர் 2.3 அங்குலத்துக்குக் குறையாமல். மலிவான இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள் வேண்டாம். கனமாக இருக்கும், ஆறு மாதத்தில் இணைப்புகள் ஆட்டம் காணும்.

கடைக்காரர் டயரில் கல் மாதிரி காற்றடித்துத் தருவார். காட்டில் அது துள்ளும். 65, 70 கிலோ ஆளுக்கு டியூப் இருந்தால் 28 முதல் 32 பிஎஸ்ஐ, டியூப்லெஸ் என்றால் முன்னால் 20, 22, பின்னால் இரண்டு மூன்று கூட. சீட்டை இறக்க ஒரு ஸ்பேனர் பையில் வையுங்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். முழங்கால் உறையும் முழுவிரல் கையுறையும் வேண்டும்.

அட்டை, பாம்பு?

அட்டை இருக்கும். சாக்ஸின்மேல் வேப்பெண்ணெயோ மூக்குப்பொடியோ தடவுவது பழைய வழக்கம். ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் பக்கவாட்டில் நுழைத்து நெம்பினால் தானே விடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயம் வேண்டாம். சிராய்ப்போடு தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரி. மடிப்புக்குள் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் மூன்று பேருக்குக் குறைந்தால் உள்ளே இறங்குவதில்லை.

மழை பெய்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் உண்டா?

வாசலில் வந்துதான் முடிவு. ஐந்தரை மணிக்குத் தோட்டத்து கேட் பக்கம் நின்று, பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர் குதிகாலை மண்ணில் ஊன்றி எடுப்பார். தடத்தில் தண்ணீர் ஊறி நின்றால் உள்ளே போவதில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முக்குக்கடையில் ஆளுக்கொரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு, தார் ரோட்டிலேயே பேச்சிப்பாறை அணைவரை மிதித்துவிட்டு வருவோம். மழை நின்ற காலையில் அணைக்குப் பின்னால் மலை முழுசாகத் தெரியும்.